அவசரமில்லை

பிரகாச மாதா கன்னியர் மடம்,
ஆரியசாலை, திருவனந்தபுரம்.
1972 மார்ச் 16

சேசு, மரி, சூசை மூவரும் சாட்சி.

மதிப்புக்குரிய மதர் கொர்னேலியா அவர்களுக்கு, சிஸ்டர் பெர்பெத்துவா வணக்கத்துடன் எழுதுவது.

தங்கள் கடிதம் வந்தது. சபைக்கே தலைவியாகித் தாய்மடத்துக்குப் போன பிறகும் எனக்குத் தமிழில்தான் எழுதுகிறீர்கள். மூணாறு எஸ்டேட் பள்ளியில் இருந்த காலத்தில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளிடம் கற்ற தமிழ். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லி முடியாது. ஆனால் ஒரு விண்ணப்பம். ‘அங்குள்ள குட்டிகள் சுகமா?’ என்று கேட்டிருந்தீர்கள். மலையாளத்தில் பிள்ளைகள் எல்லாரும் குட்டிகள். தமிழில் ஆட்டுக்கும் பூனைக்கும்தான் குட்டி. அந்தக் கடிதத்தை நான்காம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். கடைசி பெஞ்சிலிருந்து ‘மே’ என்று ஒரு சத்தம் வந்தது. யாரென்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் நானும் சிரித்துவிடுவேன்.

வேடிக்கை போதும். விஷயம் பெரியது. கல்வி அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். மலையாளப் பிரிவில் உட்கார இடமில்லை, தமிழ்ப் பிரிவில் பெஞ்சுகள் சும்மா கிடக்கின்றன, இந்தப் பிரிவு எதற்கு என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டதில் தப்பில்லை. போன வருஷம் தமிழ் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். சாலைக் கடைத்தெருவின் பெரிய வியாபாரிகள் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். பலசரக்கு மொத்த வியாபாரி வன்னியராஜ் முதலாளியிடம் நேரிலேயே போய்க் கேட்டேன். “வியாபாரம் தமிழ்லதான் சிஸ்டர், படிப்பு இங்கிலீஷ்ல இருக்கட்டும்” என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். அவருடைய தங்கைகள் மூவரும் நம்மிடம் படித்தவர்கள்.

நமக்கு மிச்சம் இருப்பது யார்? ஹோட்டல் அடுக்களையில் மாவாட்டுகிறவர்கள், சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர்கள், கட்டடத்தில் கல் சுமக்கிறவர்கள். வள்ளியூர், நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இவர்களுடைய பெண் பிள்ளைகளை மலையாள வகுப்பில் உட்கார வைத்தால் ஓணம் வரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மா வேலை செய்கிற இடத்துக்குப் போய்விடுவார்கள்.

இந்த ஜூனில் தமிழ் ஒன்றாம் வகுப்பு திறக்காவிட்டால், அடுத்த வருஷம் இரண்டாம் வகுப்பு இருக்காது. அதற்கடுத்த வருஷம் மூன்று இருக்காது. அப்படியே ஏழு வரைக்கும் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். ஆகவே திறக்க அனுமதி கேட்கிறேன். கோடை விடுமுறையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்க்கிறேன். வெயிலைப் பற்றிக் கவலை வேண்டாம். முட்டத்துக் கடற்கரையில் மீன் காயப்போடுகிற மணலில் வளர்ந்தவள் நான்.

நம் சபைக்கு எத்தனையோ ஊரில் மடம் இருக்கிறது. கோட்டாற்றில் தமிழ் போதிக்கிறோம், மூணாற்றில் போதிக்கிறோம். மலையாள நாட்டின் தலைநகரத்தில், கடைத்தெருவின் நடுவில் நின்று தமிழ் போதிக்கிற மடம் இது ஒன்றுதான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லிப் பார்த்தேன். குருவானவர் அபராதம் ஒன்றும் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்.

பதிலை எதிர்பார்க்கும்,
சிஸ்டர் பெர்பெத்துவா

*

தாய்மடம், கொல்லம்.
1972 ஏப்ரல் 24

ஈசோயும் அம்மையும் யௌசேப்பு பிதாவும் நம் கூட இருக்கட்டும்.

பிரியப்பட்ட சிஸ்டர் பெர்பெத்துவா,

உங்கள் எழுத்து கிட்டியது. பதில் தாமதித்ததற்கு க்ஷமிக்க வேண்டும். ஆலோசனைக் குழு கூடிய பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

இனி குட்டிகள் என்று எழுதமாட்டேன். மூணாற்றில் அத்தனை வருஷம் ‘குட்டிகளே, குட்டிகளே’ என்று விளித்தேன். தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருவரும் என்னைத் திருத்தவில்லை. அவர்கள் மரியாதை உள்ளவர்கள். உங்கள் நான்காம் வகுப்புக்குத்தான் குறும்பு கூடுதல். அது யாரிடமிருந்து படித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் எழுதிய காரியத்தைக் குழுவில் நெடுநேரம் பேசினோம். பலவும் ஆலோசித்து ஒரு தீர்மானத்துக்கு வந்தோம். தமிழ் ஒன்றாம் வகுப்புக்கு இனி அவசரமில்லை. சிஸ்டர் இதை நல்ல மனதோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். வெயிலில் வீடு வீடாக நடக்க வேண்டாம். உடம்பையும் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் தெய்வத்தின் பிள்ளைகள் அல்லவா, அவர் வழி காட்டாமல் இருப்பாரா? மற்ற காரியங்களை மழைக்காலம் தொடங்கியதும் நேரில் வந்து பேசுகிறேன்.

இதை மலையாளத்தில் எழுதினால் எளிது என்று செயலாளர் சிஸ்டர் சொன்னார். மனதைத் தொடுகிற காரியத்தை அவரவர் பாஷையில் எழுதுவதுதான் மரியாதை என்று நான் சொன்னேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பிரிவு லலிதாம்பாள் டீச்சருக்கு என் அன்பு.

பிரார்த்தனையோடு,
மதர் கொர்னேலியா

*

ஆரியசாலை, திருவனந்தபுரம்.
1972 ஜூன் 8

சேசு, மரி, சூசை மூவருக்கும் ஸ்தோத்திரம்.

அன்புள்ள மதர் அவர்களுக்கு,

திறந்துவிட்டோம்! தமிழ் ஒன்றாம் வகுப்பில் பெஞ்சு போதாமல் பின்வரிசைக்குப் பாய் விரித்திருக்கிறோம். மழையில் ஓடு ஒழுகுகிற மூலையில்கூட ஒருத்தி உட்கார்ந்து, ஒழுகுகிற தண்ணீரைத் தொட்டுத் தொட்டு ‘அ’ எழுதுகிறாள்.

அவசரமில்லை என்று எழுதினீர்களே, அந்த ஒரு சொல் எனக்கு மருந்து மாதிரி இருந்தது. அதுவரை படபடவென்று இருந்தேன். உங்கள் சொல்படியே வெயிலில் அலையவில்லை. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, லலிதாம்பாள் டீச்சரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, நிதானமாக ஒவ்வொரு இடமாகப் போனேன். உங்களுக்குத் தெரியாததா, அவர் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஹோட்டல் பின்வாசலில் வந்து நிற்பாரோ என்று நினைத்தேன். “சரஸ்வதி எந்த வாசல்ல நின்னா என்ன சிஸ்டர், நடங்கோ” என்று எனக்கு முன்னால் நடந்தார்.

கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கட்டடம் எழும்புகிறது. அங்கே சித்தாள் வேலை செய்கிற மாடம்மாள் என்கிறவளைப் பார்த்தோம். அவள் மகள் பூமாரி மணலில் உட்கார்ந்து ஜல்லி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கு அனுப்பு என்று சொன்னதும் மாடம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“போன வருசம் இருத்துனேன் சிஸ்டரம்மா, மலையாளத்துப் பள்ளிக்கூடத்துல. மொத ரெண்டு நாளு அழுதா. பொறவு அழுகையும் இல்ல, பேச்சும் இல்ல. வீட்டுக்கு வந்தும் ஊமையாட்டம் இருந்தா. எம்புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு பயந்து கூட்டியாந்துட்டேன்.”

“இது தமிழ் வகுப்பு மாடம்மா. நீ பேசுகிற பேச்சில்தான் சொல்லித்தருவோம்.”

“நாம் பேசுத பேச்சுலயா? அதைப் போயி யாராச்சும் சொல்லிக் குடுப்பாவளா?” என்று கேட்டுச் சிரித்தாள். மறுநாள் காலையில், பூமாரி தலையில் எண்ணெய் வழிய வாசலில் நின்றாள்.

பிறகு மைதீன். நம் மடத்துக்கு எதிர்ச்சாரி ஹோட்டலில் டீ ஆற்றுகிறாரே, அவர். அவருக்கு இரண்டு பெண்கள். வெகுநேரம் தயங்கிவிட்டுக் கேட்டார்: “சிஸ்டரே, எம்புள்ளைக முக்காடு போட்டுக்கிட்டு வந்தா ஏசுவியளா?”

“என் தலையைப் பாருங்கள் மைதீன், நான் என்ன போட்டிருக்கிறேன்?” என்றேன். ஆற்றிக்கொண்டிருந்த டீ கீழே சிந்தும்படி சிரித்தார்.

பாடப்புத்தகம் வரத் தாமதம் என்றார்கள். கோட்டாறு மடத்துச் சகோதரிகளுக்கு எழுதினேன். கேட்டது ஒரு கட்டு, அவர்கள் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது மூன்று கட்டு அரிச்சுவடி. நம் சபை என்றால் இதுதான் மதர். ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அடுத்த வீட்டிலிருந்து நெருப்பு வந்துவிடுகிறது. சீக்கிரம் வந்து பாருங்கள்.

சந்தோஷத்தில் கையெழுத்துக் கோணிய,
பெர்பெத்துவா

*

தாய்மடம், கொல்லம்.
1972 ஜூன் 13

சிஸ்டர்,

உங்கள் எழுத்தை வாசித்துவிட்டு நான் நாற்காலியில் அப்படியே இருந்துபோனேன். என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?

அவசரமில்லை என்று நான் எழுதியது உண்மை. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. சந்தர்ப்பம். தமிழ் ஒன்றாம் வகுப்புக்கு இனி வாய்ப்பில்லை, அதை நிறுத்துகிறோம் என்றுதான் எழுதினேன். உங்கள் எழுத்தைச் செயலாளர் சிஸ்டரிடம் காட்டியபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தமிழில் அவசரம் என்றால் வேகம், தாமதிக்கக் கூடாதது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூணாற்றில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. மலையில் யாருக்கும் அவசரம் இல்லை. நிறுத்து என்று சொன்னதை மெதுவாகத் திற என்று வாசித்திருக்கிறீர்கள்.

நிறுத்த நினைத்தது பிள்ளைகள் குறைவு என்பதற்காக மட்டும் அல்ல. மூணாறு மடத்தில் தலைமை ஏற்றிருக்கும் சிஸ்டர் மார்க்கரீத்தாவுக்கு நெஞ்சு நோவு. மலை ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே தோட்டத்துப் பிள்ளைகள் ஆரியசாலையில் இருப்பதைவிடப் பல மடங்கு. உங்களை அங்கே அனுப்பக் குழு நிச்சயித்தது. நீங்கள் போய்விட்டால் ஆரியசாலையில் தமிழ்ப் பிரிவை நடத்த நம்மிடம் வேறு சகோதரி இல்லை. அதை நேரில் சொல்லலாம், முதலிலேயே சொல்லி உங்களை நோகடிக்க வேண்டாம் என்று நினைத்தேன். என் நல்ல மனதுக்கு இது கிடைத்தது.

இனி ஒரு கேள்வி. நீங்கள் முட்டத்தில் பிறந்தவர். மகாராஜா காலத்தில் அது திருவிதாங்கூர் அல்லவா? பள்ளியில் மலையாளம் படித்து ஜெயித்தவர். ஆரியசாலையிலேயே பத்து வருஷத்துக்கு மேல் இருக்கிறவர். மீன் வாங்கும்போது மலையாளத்தில் நீங்கள் பேரம் பேசுவதை என் காதால் கேட்டிருக்கிறேன். அவசரம் என்ற மலையாள வார்த்தை உங்களுக்குத் தெரியாதா? உள்ளதை எழுதுங்கள்.

நான் வரும் வரை புதிதாக ஒரு பிள்ளையையும் சேர்க்கக் கூடாது. சேர்ந்தவர்களை மலையாள ஒன்றாம் வகுப்புக்கு மாற்ற ஏற்பாடு செய்யுங்கள்.

மதர் கொர்னேலியா

*

ஆரியசாலை, திருவனந்தபுரம்.
1972 ஜூன் 17

சேசுவே, என் பேனாவுக்குப் பொறுமையைக் கொடும்.

மதர் அவர்களுக்கு,

தாங்கள் தமிழில் எழுதினீர்கள். நான் தமிழில் வாசித்தேன். கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவள் நான். தலைவி என்ன எழுதுகிறாரோ அதை எழுதியபடி செய், உன் புத்தியைக் கொண்டு அதற்கு உரை எழுதாதே என்றுதான் நவசந்நியாசப் பயிற்சிக் காலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவசரமில்லை என்று எழுதினீர்கள், அவசரப்படாமல் செய்தேன். வெயிலில் நடக்காதே என்றீர்கள், நடக்கவில்லை. தெய்வம் வழி காட்டும் என்றீர்கள், காட்டியது. இதில் எந்த வரியை நான் மீறினேன் என்று குழுவைக் கேட்டுச் சொல்லுங்கள்.

மூணாற்றுக்குப் போகச் சொல்கிறீர்கள். போகிறேன். என் பெட்டியில் இருப்பது மாற்று உடுப்பும் ஜெபப் புத்தகமும்தான், கட்டுவதற்கு நேரம் பிடிக்காது. கடற்கரையில் பிறந்தவளுக்கு மலைக்குளிர் ஆகுமா என்று நான் கேட்கமாட்டேன். அதைக் கேட்கிற உரிமையை வார்த்தைப்பாடு கொடுத்த அன்றே விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. மலையாளம் படித்து ஜெயித்தவள் என்று எழுதியிருந்தீர்கள். ஜெயித்ததற்கு முன்னால் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. முட்டத்திலிருந்து தூரத்துப் பள்ளியில் கொண்டு சேர்த்தபோது எனக்கு ஒரு அட்சரம் மலையாளம் தெரியாது. தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாமல் மத்தியானம் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நான். டீச்சர் என்னை மக்கு என்று நினைத்தார். கொஞ்ச நாளில் நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். பூமாரி ஊமையாட்டம் இருந்தாள் என்று மாடம்மாள் சொன்னபோது அது என் கதையாகவே இருந்தது.

அந்தப் பிள்ளை இப்போது வாயை மூடுவதில்லை மதர். லலிதாம்பாள் டீச்சர், “இவ வாயை மூடச் சொல்லி எனக்குத் தொண்டை வத்திப்போறது” என்கிறார். அவளை என் கையால் கூட்டிக்கொண்டுபோய் மறுபடியும் அந்த வகுப்பில் உட்கார வைக்க என்னால் முடியாது. வகுப்பை நிறுத்த வேண்டும் என்றால் நீங்கள் வாருங்கள். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள்.

கீழ்ப்படிந்த,
சிஸ்டர் பெர்பெத்துவா

*

தாய்மடம், கொல்லம்.
1972 ஜூலை 25

ஈசோயும் அம்மையும் யௌசேப்பு பிதாவும் நம் இருவர் கோபத்தையும் பொறுக்கட்டும்.

பிரியப்பட்ட சிஸ்டர் பெர்பெத்துவா,

ஆரியசாலையில் இருந்து திரும்பியதும் எழுதாததற்குக் காரணம் உண்டு. அன்று வகுப்பு வாசலில் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். உங்களிடம் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

நிறுத்துகிறோம் என்று சொல்லத்தான் உள்ளே போனேன். வழியெல்லாம் தமிழில் வாக்கியம் கூட்டிக்கொண்டே வந்தேன். உள்ளே கால் வைத்ததும் என் நாக்கு பழைய படியே ‘குட்டிகளே’ என்று சொல்லிவிட்டது. அந்தப் பூமாரி எழுந்து நின்றது உங்களுக்கு வாசலில் இருந்து தெரிந்திருக்கும். என்ன சொன்னாள் என்று கேட்டதா?

“மதரே, நாங்க ஆடு இல்ல. ஒண்ணாங் கிளாஸு.”

மலையாள வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை என்று எழுதியிருந்தீர்கள். என்னைத் திருத்துகிறது! மூணாற்றில் அத்தனை வருஷம் ஒருவரும் திருத்தாத பிழையை, பள்ளிக்கு வந்து இரண்டு மாதம் ஆகாத பிள்ளை திருத்துகிறது. நான் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்று கண் நிறைந்துவிட்டது. போதனைச் சபை என்று நாம் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோமே, அது எதற்கு? ஒரு பிள்ளை பெரியவர் முன்னால் எழுந்து நின்று, பிழையைப் பிழை என்று தன் பாஷையில் சொல்வதற்குத்தானே? அந்த அறையில் நின்றபோது, நம் சபையில் சேர்ந்த நாளில் எனக்கு இருந்த பெருமை அப்படியே திரும்ப வந்தது. கூட்டி வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை.

திரும்பி வந்து நம் எல்லா மடங்களுக்கும் எழுதினேன். ஆரியசாலையில் தமிழ் போதிக்க யாரால் முடியும் என்று கேட்டேன். இந்த முறை மலையாளத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக இரண்டு விதம் எழுதினேன், இனி எனக்குப் பயம். கோட்டாற்றில் இருந்து இளம் சகோதரி தாசம்மாள் வர சம்மதித்திருக்கிறார். அதைவிட, மூணாற்றில் படுக்கையில் இருக்கிற சிஸ்டர் மார்க்கரீத்தா எழுதியதைக் கேளுங்கள்: ‘மலை ஏறத்தான் என் நெஞ்சு விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அ, ஆ சொல்லிக்கொடுக்க நெஞ்சுக்கு என்ன வலி? என்னை இறக்கிவிடுங்கள்.’ குழுவில் இதை வாசித்தேன். எதிர்த்தவர்களும் சம்மதித்தார்கள்.

ஆகையால் தீர்மானம் இதுதான். ஒன்றாம் வகுப்பு இருக்கும். ஓண விடுமுறை முடிந்ததும் சிஸ்டர் மார்க்கரீத்தா மலையில் இருந்து இறங்குவார். நீங்கள் மலை ஏற வேண்டும். வகுப்பு இருக்கும், நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். இதை எந்தப் பாஷையில் வாசித்தாலும் ஒரே அர்த்தம்தான், சிஸ்டர்.

என் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்போடு,
மதர் கொர்னேலியா

*

பிரகாச மாதா மடம்,
மூணாறு.
1972 அக்டோபர் 2

சேசு, மரி, சூசை மூவரும் போர்வையோடு இங்கே வரட்டும்.

அன்புள்ள மதர் அவர்களுக்கு,

வந்து சேர்ந்தேன். குளிர் எலும்பைத் தேடிப் பிடித்துக் கடிக்கிறது. இதைப் புகாராக எழுதவில்லை, தகவலாக எழுதுகிறேன்.

ஆரியசாலையை விட்டுப் புறப்பட்ட அன்று எனக்கு உங்கள் மேல் கோபம்தான். மறைப்பானேன்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். மைதீன் ஹோட்டலை விட்டு ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். மாடம்மாள் தலைச்சும்மாட்டோடு வந்து நின்று, “எம்புள்ளைய சேத்துட்டு நீங்க போறியளே” என்றாள். பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கோட்டயம் வரைக்கும் ஜெபமாலை சொன்னேன். எந்த மணியில் இருக்கிறேன் என்று தெரியாமல் சொன்னேன்.

ஆனால் அதற்கு முன்பு சிஸ்டர் மார்க்கரீத்தா ஆரியசாலையில் வந்து இறங்கிய நாளையும் பார்த்தேன் மதர். மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, “எங்கே என் பிள்ளைகள்?” என்றார். என் பிள்ளைகள் என்றார்! எனக்குச் சுருக்கென்றது. அப்புறம்தான் புத்தி வந்தது. அவருடைய பிள்ளைகளிடத்துக்குத்தானே நானும் போகிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை. முதல் நாள் பள்ளிக்குள் நுழைந்ததும், கொழுந்து கிள்ளுகிறவர்களின் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். யார் நீங்கள் என்று கேட்டேன். “நாங்க மூணாங் கிளாஸ் குட்டிக, சிஸ்டர்!” என்றார்கள். உங்கள் வேலை! இந்த மலையில் தமிழே மாறிக் கிடக்கிறது. ஆட்டுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “அது ஆட்டுக்குட்டி, நாங்க சும்மா குட்டி” என்று விளக்கம் சொல்கிறார்கள். திருத்தலாம் என்றுதான் வாய் எடுத்தேன். அவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது முகத்தில் இருந்த பிரியத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். இனிமேல் நீங்கள் எனக்கு எழுதும்போது குட்டிகள் என்றே எழுதலாம்.

பெர்பெத்துவா

*

பிரகாச மாதா கன்னியர் மடம்,
ஆரியசாலை, திருவனந்தபுரம்.
1979 ஏப்ரல் 19

சேசு, மரி, சூசை துணை. (பாருங்கள், இதையும் தமிழில் எழுதப் பழகிவிட்டேன்.)

பிரியப்பட்ட சிஸ்டர் பெர்பெத்துவா,

கிறிஸ்மஸுக்கு நீங்கள் அனுப்பிய தேயிலையைச் சமையல்கட்டில் ஒளித்து வைத்துக் குடிக்கிறோம். தலைவி பதவி முடிந்து என்னை ஆரியசாலைக்கே அனுப்பியபோது, இது தெய்வத்தின் தமாஷ் என்று எழுதியிருந்தீர்கள். ஆமாம், தமாஷ்தான். நிறுத்த நினைத்த வகுப்புக்கு இரண்டு வருஷமாக நானே கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ‘கூட்டல்’ என்பதற்குப் பதிலாக மலையாளத்தில் ஏதாவது சொல்லிவிட்டால் வகுப்பே சேர்ந்து திருத்துகிறது. இங்கே நான் மதர் அல்ல, மாணவி.

இன்று எழுதுவது ஒரு பெரிய காரியம். நீங்கள் சேர்த்த அந்த ஒன்றாம் வகுப்பு இந்த மாதம் ஏழாம் வகுப்பை முடித்துவிட்டது. அன்று பாயில் உட்கார்ந்தவர்களில் நின்றுபோனவர்கள் சிலர் உண்டு, ஊர் திரும்பியவர்கள் உண்டு. மீதிப் பேர் முழுவதும் தேறினார்கள். ஒருத்தியும் தோற்கவில்லை. பூமாரி மத்தியானச் சோற்று வேளையில் அம்மாவோடு வேலை செய்கிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகை வாசித்துக் காட்டுகிறாள். ஒரு நாள் நான் அந்த வழியாகப் போனேன். மேஸ்திரி உட்பட எல்லாரும் வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். “எங்க மதரு” என்று என்னைக் காட்டினாள். தெருவில் நின்று அழக் கூடாது என்று வேகமாக நடந்துவிட்டேன்.

சிஸ்டர் மார்க்கரீத்தா இதைப் பார்க்க இல்லை. கடைசி நாள் வரை அதே நாற்காலியில்தான் போதித்தார் என்று அப்போதே உங்களுக்கு எழுதினேன். அந்த நாற்காலியில் இப்போதும் யாரும் உட்காருவதில்லை. பிள்ளைகள் அதைத் துடைத்துப் பூ வைக்கிறார்கள். கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி என்ன? ஏழு முடிந்தால் எட்டு எங்கே? மைதீன் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். “பையன்வ கூட இருத்தி வைக்கிற பள்ளிக்கூடத்துக்கு எங்க ஆளுக விடமாட்டாவ சிஸ்டரே. இங்க எட்டு இருந்தா ரெண்டு பேரும் வருவாளுக. இல்லாட்டா வீட்டோடதான்” என்றார். பெரியவளும் சின்னவளும் ஒரே வகுப்பில் படித்து ஒன்றாகத் தேறியவர்கள். மாடம்மாள் ஒன்றும் கேட்கவில்லை, பூமாரிக்கு ஒரு சும்மாடு தைத்து வைத்திருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு வந்ததில் இருந்து எனக்கு ஜெபத்தில் மனம் நிற்கவில்லை.

அதனால் புதிய மதரிடம் போனேன். உங்களிடம் கற்றுக்கொண்ட பிடிவாதத்தை அவரிடம் காட்டினேன். கல்வி அதிகாரியிடமும் காட்டினேன். வன்னியராஜ் முதலாளி சாலைக் கடைத்தெரு வியாபாரிகளைக் கூட்டிக்கொண்டு வந்து நம்மோடு நின்றார். தங்கைகள் திட்டித்தான் வந்தார் என்று கேள்வி. தமிழில் எட்டாம் வகுப்பு திறக்க அனுமதி கிடைத்துவிட்டது. மேல் வகுப்புக்கு வித்துவான் பரீட்சை தேறிய ஆசிரியை வேண்டும். தாசம்மாள் சிறு வகுப்புகளுக்குத்தான் தகுதி பெற்றவர். அந்த மலைக்குளிரில் உட்கார்ந்து வித்துவான் படித்துத் தேறியவர் நம் சபையில் ஒரே ஒருவர். மூணாற்றில் இப்போது அவரிடம் பயின்ற இளம் சகோதரிகள் இருக்கிறார்கள் என்றும், அவரை விட முடியும் என்றும் புதிய மதர் சொல்லிவிட்டார். உத்தரவு தனியே வரும்.

உத்தரவுக்கு முன்னால் என் கையால் ஒரு வரி எழுத ஆசை. யோசித்து எழுதுகிறேன், பிழை அல்ல:

சிஸ்டர், எட்டாம் வகுப்புக்கு அவசரம் உண்டு.

தமிழில் வாசியுங்கள், ஜூன் நெருங்கிவிட்டது, ஓடி வரவேண்டும். மலையாளத்தில் வாசியுங்கள், வழி திறந்திருக்கிறது. எதில் வாசித்தாலும் எனக்குச் சம்மதம்.

உங்கள் கணக்கு டீச்சர்,
சிஸ்டர் கொர்னேலியா

*

மூணாறு.
1979 ஏப்ரல் 25

அன்புள்ள மதர் (சிஸ்டர் என்று என் கைக்கு எழுத வராது),

பெட்டி கட்டியாகிவிட்டது. குட்டிகள் அழுகிறார்கள், நானும் அழுதேன். நாளைக் காலை முதல் பஸ். பூமாரியின் சும்மாட்டை மாடம்மாளிடமிருந்து வாங்கி வையுங்கள், என் நாற்காலிக்குக் குஷனாகப் போட்டுக்கொள்கிறேன்.

‘அந்த மலையாள வார்த்தை உங்களுக்குத் தெரியாதா?’ என்ற உங்கள் பழைய கேள்விக்கு ஏழு வருஷமாக நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இந்த முறை இரண்டு பாஷையிலும் வாசித்தேன்.

பெர்பெத்துவா